மா என்ற சொல்லும் என் அண்ணனின் நிச்சயப் புடவையும்

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு வியாதி இருந்தது. எந்த டாக்டரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார். தமிழ் அல்லாத வேறு பாஷை பேசுகிற ஆள் யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, “உங்க பாஷையில ‘மா’ன்னா இன்னாங்க?” என்று கேட்பேன். பதில் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். கிடைத்த பிறகும் நகர மாட்டேன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

எப்படித் தொற்றியது என்று கேட்டால், எல்லாம் ஒரு வாரப் பத்திரிகையின் துணுக்கால் வந்த வினை. சீனத்தில் குதிரைக்கும் ‘மா’தான், அம்மாவுக்கும் ‘மா’தான், இழுக்கிற ராகத்தில்தான் வித்தியாசம் என்று போட்டிருந்தது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழில் மா என்றால் மாமரம், மா என்றால் விலங்கு, மா என்றால் பெரிய, மா என்றால் ஒரு நில அளவு. (இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றுதான் பேர். பி.ஏ. தமிழ் படித்தவனிடம் வாய் கொடுத்தால் இப்படித்தான்.) கன்னியாகுமரிக்கும் சீனாவுக்கும் நடுவில் இருக்கிற அத்தனை ஜனங்களும் இந்த ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்கிறார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அட்டையில் ‘மா: உலகத்தின் முதல் சொல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். உள்ளே ஒன்றும் எழுதுவதற்கு முன்பே முடிவுரையை எழுதி முடித்துவிட்டேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எங்கள் பக்கத்தில் எப்போது பஸ் ஓடும், எப்போது ஓடாது என்று யாருக்கும் தெரியாது. விடிந்து பார்த்தால் ரோட்டில் குறுக்கே புளியமரம் படுத்திருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தால் படித்தவன், படிக்காதவன் எல்லோரும் வேலை, காலேஜ் சீட்டு, சதவீதம் என்றுதான் பேசுவார்கள். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேச்சு. ஊரே தன் பங்கு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் மட்டும் மா என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். வேலையில்லாத பட்டதாரியின் கால்களுக்கு ஓய்வே கிடையாது.

இந்த நிலைமையில்தான் என் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

அண்ணன் சேகருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் நைனார்பாளையத்தில் அந்த வயதுக்காரர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப் போயிருந்தது. ஒரு இடத்தில் ஜாதகம், ஒரு இடத்தில் நிலம் கம்மி, ஒரு இடத்தில் காரணமே சொல்லவில்லை. ஏழாவது இடம் கைவிட்டுப் போன பிறகு அண்ணன் ஊர்க் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டான். எட்டாவதாகக் கச்சிராயபாளையத்தில் வசந்தா என்ற பெண்ணைப் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், புதன்கிழமை காலையில் நிச்சயம் என்று முடிவானது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணுக்கு நாங்கள் எடுத்த புடவையைக் கட்டி உட்கார வைத்துப் பத்திரிகை வாசித்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் அந்தப் புடவைதான். மாப்பிள்ளை வீட்டுப் புடவையைப் பெண் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தால்தான் சம்மதம் என்று அர்த்தம். அம்மாவும் அண்ணனும் போய் அரக்கு நிறத்தில் கடுகுக் கலர் பார்டர் வைத்த பட்டுப் புடவை ஒன்றை எடுத்து வந்தார்கள். அண்ணன் அதைத் தினமும் ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். (நான் பார்த்தேன்.)

ரவிக்கை தைக்கப் புடவையோடு சேர்த்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு பாயிடம் கொடுத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான் போய் வாங்கிக்கொண்டு, கச்சிராயபாளையத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மறியல் வரும் என்று பேச்சு இருந்ததால் மற்றவர்கள் எல்லோரும் முதல் நாளே அங்கே போய்விட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பையை வாங்கு, பஸ் ஏறு.

பாய் கடைக்கு நான்கு மணிக்கே போய்விட்டேன். கொக்கி வைப்பது மட்டும்தான் பாக்கி, அரை மணி நேரம் உட்காருங்க தம்பி என்றார். உட்கார்ந்தவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவர் மதரஸாவில் படித்தவர் என்பது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அரபியில் மா என்றால் என்ன என்று கேட்டேன். பாவம், அவரிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மா என்றால் என்ன என்ற கேள்விக்கும் ‘மா’தான், கொஞ்சம் தொண்டையில் நிறுத்திச் சொன்னால் தண்ணீருக்கும் ‘மா’தான் என்று ஆரம்பித்து, எதற்கு எப்போது எப்படி வரும் என்று இருட்டுகிறவரை விளக்கினார். நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசி பஸ்ஸும் போயிற்று, கொக்கியும் வைத்தபாடில்லை. காலையில் ஆறு மணிக்கே தருகிறேன் என்று அவரும் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமே இல்லை. மாவுக்கு அரபியில் இரண்டு பொருள் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை காலையில் மஞ்சள் பையில் புடவையும் ரவிக்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். பாதி வழிதான். ரோட்டில் ஒரு புளியமரம் கிளை இலையோடு படுத்திருந்தது. மரத்தின் மேலும் பக்கத்திலும் போராட்டக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணி எட்டு.

ஆரம்பத்தில் எனக்கும் பதற்றம்தான். பஸ்ஸை விட்டு இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கண்டக்டரிடம் மூன்று தரம் மணி கேட்டேன். அப்போது கல்வராயன் மலைக்காரர் ஒருவர் சந்தையில் வாங்கிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நடந்து வந்தார். ரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்கிற நடை. என் தவிப்பைப் பார்த்துவிட்டு நின்றார்.

“எங்க போவணும் தம்பி? கச்சிராயபாளையமா? எங்கூட வா, ஏரிக்கர மேல நடந்தா பத்து மணிக்குள்ள கொண்டு போயி வுட்டுடறேன்.”

அந்த மனிதரின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் பின்னால் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் மலையில் மா என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டு மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். கோபித்துக்கொண்டார் என்று அவர் ஏரிக்கரை ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பின்னாலேயே ஓடியிருப்பேன். அதற்குள் என் கண்ணில் ஒரு லாரி பட்டது. மெயின் ரோட்டில் மறியல் என்பதால் குறுக்கு வழி தேடி வந்து இங்கே மாட்டிக்கொண்ட வடக்கத்தி லாரி. டிரைவர் பஞ்சாபி, கிளீனர் தெலுங்குக்காரர். ஒரே வண்டியில் இரண்டு பாஷை. தெய்வமே கொண்டுவந்து நிறுத்தியதாக நினைத்தேன்.

கிளீனருக்குத் தமிழ் ஓரளவு தெரிந்தது. மா என்றால் ‘எங்கள்’ என்று அர்த்தமாம். மா ஊரு, மா இல்லு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஊரை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று சொல்லி நிறுத்தினார். டிரைவரிடம் கைஜாடையில் கேட்டேன். அவர் மா என்பதைக் கொஞ்சம் மூக்கால் சொன்னார். நான் புரியாமல் முழிக்கவும், சட்டைப் பையிலிருந்து ஒரு கிழவியம்மாவின் போட்டோவை எடுத்துக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் ‘பஞ்சாபி: தாய்’ என்று எழுதிக்கொண்டு, போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து அடுத்த வரி எழுதிக்கொண்டிருந்தேன். அவரே மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தலை நிமிர்ந்தபோது மணி பத்து. எங்கள் பஸ் திரும்பிக் கள்ளக்குறிச்சிக்கே போய்விட்டிருந்தது. கையில் பை இருந்தது, அதுவரை சந்தோஷம். ஆனால் மறந்திருந்ததெல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. எட்டாவது இடம், பன்னிரண்டு மணி, அண்ணன் தினமும் பிரித்துப் பார்த்த புடவை. மரத்துக்கும் லாரிக்கும் நடுவில் பத்து முறை நடந்தேன். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், “சும்மா உக்காருய்யா, பாக்கற எங்களுக்கே தல சுத்துது” என்றார்.

அப்போதுதான் முகப்பில் சாமந்தி மாலை போட்ட டிராக்டர் ஒன்று வந்தது. டிரெய்லரில் பெண்கள் தலைவிரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கையில் மாலை, பை. ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போகிற வண்டியை மட்டும் போராட்டக்காரர்கள் விட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்துக்குப் பக்கத்துக் கரும்புக் காட்டு ஓரமாக வழி காட்டவே இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

டிராக்டர் டிரைவரிடம் ஓடி எங்கே போகிறது என்று கேட்டேன். கச்சிராயபாளையம் என்றார். நானும் அங்கேதான் என்று சொல்லித் தொற்றி ஏறினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வழி காட்டியவர் என்னைப் பார்த்து, “சாவுக்குத்தான?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதுதான் பொய். வாயால் சொல்லாததால் கணக்கில் வராது என்று நினைத்தேன். நிச்சயத்துக்குப் போகிறவன் சாவு வண்டியில் ஏறுவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்கும் தெரியும். ஊர் எல்லையில் இறங்கி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் போய்விடுவதாகத் திட்டம்.

திட்டமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிரெய்லரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பாண்டிச்சேரிக்காரராகப் போய்விட்டார். தொப்பி போட்ட, நரைத்த மீசைப் பெரியவர். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தெரிந்த பிறகு என் வாயைக் கட்ட யாராலும் முடியாது.

அவர் என் கேள்வியை முதலில் கவனிக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டதும் தூரத்தில் பார்த்துக்கொண்டே, மா என்றால் ‘என்னுடைய’ என்று அர்த்தம், அதையும் பெண்பால் சொல்லுக்கு முன்னால்தான் போட வேண்டும் என்றார். உதாரணம் கேட்டேன்.

“மா சேர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கக்கா. அதப் பாக்கத்தான் போறோம்.”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. இறந்து போனது அவருடைய அக்காதான். மடியில் இருந்த பையில், இறந்தவருக்குப் போர்த்துகிற பிறந்த வீட்டுக் கோடிப் புடவை இருந்தது. ஒரு மனிதனாகப் பிறந்தவன் அப்போது அவர் கையைப் பிடித்திருப்பான். நான் நோட்டைப் பிரித்துக்கொண்டு, சேர் என்பதற்கு நெடில் போட வேண்டுமா குறில் போட வேண்டுமா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

ஊர் எல்லையில் வண்டி நிற்கவில்லை. நேராகப் பெரிய தெருவில் சாவு வீட்டு முனையில்தான் நின்றது. மேளக்காரர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். கோடி கொண்டு வருகிறவர்களை மேளம் அடித்து அழைத்துப் போவது வழக்கம். யார் யார் எந்த ஊரிலிருந்து கோடி கொண்டு வந்திருக்கிறார்கள் என்று உரக்கச் சொல்ல ஒரு ஆளும், வாங்கித் தாம்பாளத்தில் வைக்க இரண்டு பேரும் நிற்பார்கள். நான் இறங்கியதும் ஓடியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். பெண் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் பிரெஞ்சு மறந்துவிடுமே. நின்ற இடத்திலேயே நோட்டைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தேன். கையில் பை இடைஞ்சலாக இருந்தது.

“குடுங்க, நான் வாங்கிக்கறேன்” என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகக் கொடுத்தேன்.

“எந்த ஊருங்க?”

“நைனார்பாளையம்” என்றேன், எழுதுவதை நிறுத்தாமல்.

எழுதி முடித்து, மூடி போட்டு, பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டு கையைப் பார்த்தேன். கை மட்டும்தான் இருந்தது. எங்கோ முன்னால், மேளச் சத்தத்துக்கும் மேலே, ஒரு கணீர் குரல் கேட்டது. “நைனார்பாளையத்துக் கோடி!”

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனேன். பந்தலில் தொண்ணூறு தாண்டிய அந்த அம்மாவை மஞ்சள் பூசி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்மேல் ஏற்கெனவே நாலைந்து நூல் புடவைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பெண்கள் எங்கள் அரக்குப் பட்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். பார்டர் வெளியே தெரியும்படி நீவி விட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு ஜரிகையைப் பார்த்தார்கள். ஒரு பெண் பாய் தைத்த ரவிக்கையை விரித்துப் பார்த்து, கோடிக்கு ரவிக்கையும் தைத்து, கொக்கியும் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவளிடம் அதிசயப்பட்டாள்.

ஒரே புடவைதான். இரண்டு தெரு தள்ளி அதற்குச் சம்மதம் என்று பொருள், இங்கே போய்வருகிறேன் என்று பொருள். சொல்லைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவனுக்குத் துணியைப் பற்றி ஒரு வரி தெரிந்திருக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஒரு ஓரத்தில் அந்த அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். காது கேட்காது, உடம்பு ஒடுங்கிப்போன முதியவர். புடவையைப் பார்த்தார், பிறகு யாரோ கைகாட்ட என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? அவருடைய பெரிய மகன், அவருக்கே அறுபத்தைந்து இருக்கும், அப்பாவின் காதில் குனிந்து, நைனார்பாளையத்தில் நமக்கு யார் என்று கேட்டார். காது கேட்காதவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். மகன்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள்கள் வேறு மாதிரி பார்த்துக்கொண்டார்கள். முதியவருக்கு நைனார்பாளையத்தில் இன்னொரு குடும்பம் இருந்ததோ என்கிற அந்தப் பார்வை எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஓடினேன்.

பெண் வீட்டு வாசலை அடைந்தபோது மணி பதினொன்றேகால். பந்தலில் எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் வழி பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என் தலையில் சாமந்தி இதழ்களும் பொரியும் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. வசந்தாவின் பெரியப்பா வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

“சாவு வூட்டுக்கு இன்னாத்துக்குப் போன?”

உள்ளே விடவில்லை. தெருவிலேயே நிற்க வைத்துத் தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். மூன்றாவது குடத்துக்கும் நான்காவது குடத்துக்கும் நடுவில் கிடைத்த மூச்சில் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். அப்பா செருப்பைத் தேடினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. “பொடவ மேல போத்திட்டாங்களாடா?” என்று மட்டும் கேட்டான். நான் தலையாட்டியதும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டான். ஏழு தரமும் அவன் அப்படித்தான் நின்றிருப்பான். அதைப் பார்த்தபோது, அந்த லாரி என்மேல் ஏறியிருக்கலாம் என்று இருந்தது.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மணி பதினொன்று நாற்பது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போது உள்ளேயிருந்து வசந்தாவே நிலைப்படிக்கு வந்தாள். பெண் சபையில் பேசுகிற வழக்கம் கிடையாது. சாதாரண வீட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு வந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“யாருக்குப் போட்டாங்க? பெரிய தெரு ஆயாவுக்கா?”

ஆமாம் என்றேன். என் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஆயா பேரன் பேத்தி, அதுங்க புள்ளைங்க எல்லாத்தையும் பாத்துட்டு, தாலியோட போவுது. அதும் மேல போன பொடவ எப்பிடிப்பா கெட்ட சகுனம் ஆவும்? ஊர்ல பாதிப் பேரு அந்த மாதிரி சாவு வரணும்னு வேண்டிக்கறாங்க. எனக்கு எடுத்த பொடவ அங்க போயிருக்குது. அவ்ளோதான். வேற ஒண்ணு குடுக்கச் சொல்லு, நேரமாவுது.”

முதலில் அசைந்தது என் அம்மாதான். சம்பந்தியம்மாவுக்கு மரியாதைக்காக வாங்கி வைத்திருந்த பச்சை நூல் புடவையை எடுத்து, தட்டில் வைத்து, சபையைப் பார்க்காமல் நேராகப் பெண்ணிடமே நீட்டினாள். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வசந்தா பொருத்தமே இல்லாத நீல ரவிக்கையோடு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்திரிகை வாசித்தவர் ராகுகாலத்துக்குப் பயந்து வாசித்த வேகத்தில் மாப்பிள்ளையின் பேரைத் தவிர ஒன்றும் காதில் விழவில்லை. அது விழுந்தது போதும் என்று அண்ணன் நினைத்திருப்பான். நான் இதையெல்லாம் ஈர வேட்டியோடு தெருவில் நின்றுதான் பார்த்தேன்.

முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, பெரிய தெருவிலிருந்து அந்த மூத்த மகன் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். நைனார்பாளையத்துக்காரர் எங்கே என்றார். அவ்வளவு பெரிய கோடி போட்டவர் இல்லாமல் பிணத்தை எடுக்கக் கூடாது, வந்து கூட நடக்க வேண்டும் என்று கூப்பிட்டார். பிறகு எங்கள் அப்பாவிடம் திரும்பி, தயங்கித் தயங்கி, எந்த வழியில் நமக்குச் சொந்தம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் எழுபது வருஷ மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். உண்மையைச் சொன்னால் புடவையைத் திருப்பித் தர வேண்டுமே என்று அவர்கள் சங்கடப்படுவார்கள். சொல்லாவிட்டால் அந்த முதியவரின் பேர் கெடும்.

“எங்க பாட்டன் வழியில, ரொம்பத் தூரத்துச் சொந்தம்ங்க” என்றார் அப்பா. “வுட்டுப் போயிருந்தது. இப்பத்தான் சேந்துக்கினோம்.”

என்னைப் பார்த்து, “போடா, போட்டது போட்டாச்சு, மொறையா நின்னுட்டு வா” என்றார். இலையிலிருந்து எழுந்து போனேன். பாடைக்கு முன்னால் நடந்தேன். அந்த சொல்தா பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் மூன்று முறை குளித்தேன்.

சொந்தம் என்று சொல்லியாகிவிட்டது, விடுவார்களா? பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் வந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு அவர்கள் டிராக்டர் நிறைய வந்து சீர் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் எனக்கு முதல் தகவல் வந்துவிடும். நைனார்பாளையத்துக் கோடி வராமல் அங்கே பிணம் எடுப்பதில்லை. (பட்டு இல்லை, நூல்தான். ஒரு தடவை பட்டது போதும்.) மா நோட்டு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பார்கள். வெகு நாள் கழித்து எனக்கே விஷயம் புரிந்தது. மனுஷன் வாயில் வருகிற சத்தமே கொஞ்சம்தான், உலகத்தில் பெயர் வைக்க வேண்டியது ஏராளம். ஒரே சத்தம் நாலு ஊரில் நாலு அர்த்தத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் முடிவுரையை நானே கிழித்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்து போனார். நான் கல்லாகிவிட்டேன். ஆக வேண்டிய வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வரவில்லை. மதியத்துக்கு மேல் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. கச்சிராயபாளையத்திலிருந்து இரண்டு வேன். அந்த மூத்த மகன் எப்போதோ போய்விட்டார், அவருடைய பிள்ளைகள் வந்திருந்தார்கள். தாம்பாளத்தில் ஜரிகை வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். எந்தப் பாட்டன் வழியிலும் எங்களுக்கு ஒட்டோ உறவோ இல்லாத அந்த மனிதர்கள், அப்பாவின் மேல் அதை விரித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். அவர் சொன்ன ஒரே பொய்யை இத்தனை வருஷம் அவர்கள் மெய்யாக்கி வைத்திருந்தார்கள். அப்போதுதான் நான் உடைந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

வசந்தா அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பட்டு வேட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

“தம்பி, இது நம்ம மாமாவுக்கு எடுத்தாந்ததுதானா? இல்ல எந்த வூட்டு மாப்பிளைக்காவது போய்க்கினு இருந்துதான்னு ஒரு வார்த்த கேட்டுடுங்க.”

அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் சிரித்துத் தொலைத்தேன்.